சிரட்டைச் சுண்ணாம்பும் மூன்றாவது படியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதிப் பழக்கம் இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் என் எழுத்து கோட்டை விட்டு இறங்கி நடக்கிறது. இதில் மறதி வேறு. நேற்று வைத்த குழம்பு என்னவென்று கேட்டால் யோசிப்பேன். ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு படி எவ்வளவு உயரம் என்று கேட்டால், விரலை வைத்துக் காட்டிவிடுவேன். எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, "வேலை பார்த்த இடத்துல மறக்க முடியாத ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். நாலு பேர் பார்க்கப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது மாட்டிக்கொண்டேன்.

எங்கள் அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய துணி சுற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தேன். உள்ளே சுண்ணாம்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கூடவே, தேங்காய் நாரை நூலால் இறுக்கிக் கட்டின ஒரு சின்ன பிரஷ். பார்க்கிறவர்கள் வெற்றிலைக்கு வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். மருமகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு தடவையும் சத்தமில்லாமல் போய் எடுத்து வந்துவிட்டேன். அது எங்கள் போர்மேன் அண்ணாச்சியுடையது. போன வாரம் அதற்கு மறுபடியும் வேலை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் ஒட்டுகிற வேலை. அதே காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள்தான் நான். மழை ஏமாற்றி ஏமாற்றி, கடைசியில் எங்கள் தெருவே காலை வேனில் ஏறிவிட்டது. கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் கூப்பிடு தூரம் இருக்கும். ஒரு ரூமில் நாலு பேர். கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும்; உள்ளே முதலாளி வந்தாலும் வெறுங்கால்தான். மருந்து அடைத்த குழாயைச் சுருட்டிச் சக்கரமாக ஒட்டி, பலகைத் தட்டில் அடுக்கிச் சிமெண்டுக் களத்தில் காயப்போடுவோம். சாயங்காலம் காய்ந்ததைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறிக் கொட்டகையில் வைப்போம். தட்டை மேலுக்கு மேல் அடுக்கி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால், நம் கால் நம் கண்ணுக்குத் தெரியாது. கால்தான் தானாக வழியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

பட்டாசுக் கம்பெனி என்றதும் எல்லாரும் வெடியைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்தப் பயம் எங்களுக்கு எப்போதும் வயிற்றுக்குள் இருக்கும். ஆனால் தினம் தினம் எங்களை அடித்தது தரை. கல் தடுக்கும், சாக்கு தடுக்கும், சணல் கயிறு காலைச் சுற்றும், பசைத் தண்ணீர் வழுக்கும். பெருவிரல் நகம் பெயராதவள் எங்களில் கிடையாது. முதலில் இருந்த போர்மேன் யாராவது விழுந்தால் அங்கிருந்தே கத்துவார். "கண்ணு பொடதியிலயா இருக்கு?" விழுந்தவளுக்கு வலியைவிட அந்தச் சத்தம்தான் பெரிது. அதனால் நாங்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். விழுந்தால் உடனே எழுந்திருக்கக் கூடாது. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலில் முள் எடுக்கிற மாதிரி பாவனை பண்ண வேண்டும். அந்தக் காட்டில் முளைத்த முள்ளைவிட நாங்கள் காலில் எடுத்த முள் அதிகம்.

பிறகு வந்தவர்தான் இந்த அண்ணாச்சி. சாத்தூர்க்காரர். ஒல்லியாக, உயரமாக, தடித்த கண்ணாடி போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தரையையே பார்த்து நடப்பார். என் அண்ணன் பெண்டாட்டியும் என்னோடு அங்கேதான் வேலை பார்த்தாள். மதினி என்றால் வாய். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வந்த முதல் நாளே அண்ணாச்சியைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி தொலைச்சீக? சொன்னீகன்னா நாங்களும் தேடுவோம்ல" என்றாள். அவர் நிமிராமலே, "தொலைச்சாத்தான் சொல்லுவேன் தாயி" என்றார். 

அன்றைக்கு மத்தியானமே ரூமுக்குப் போகிற பாதையில் ஒருத்தி குப்புற விழுந்தாள். வழக்கம்போல முள் எடுக்க உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி ஓடி வந்தார். கத்தப்போகிறார் என்று நாங்கள் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து அவள் முட்டியைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கழுவச் சொன்னார். அப்புறம் கேட்டார், "சரி, இது ஆறிரும். தடுக்குனது எங்கன?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கையைக் காட்டினாள். அவர் முழங்காலிட்டு மண்ணைத் தடவிப் பார்த்தார். புதைந்த கல் ஒன்று மொட்டைப்பல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. சிரட்டையில் சுண்ணாம்பு குழைத்து வந்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வேன் வருவதற்குள் கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தாகிவிட்டது. திரும்பிப் போகும்போது வேனில் யாருக்கும் வேறு பேச்சே இல்லை. "ஒருவேளை கல்லுக்குத்தான் கண்ணு தெரியலையோ என்னமோ" என்று மதினி சொல்ல, வேனே குலுங்கியது.

அதற்கப்புறம் கஞ்சி குடிக்கிற வேப்பமரத்தடியில் எல்லாரையும் கூட்டி வைத்து அவர் ஒரு சட்டம் போட்டார். யார் விழுந்தாலும் வந்து சொல்ல வேண்டும். விழாமல் தடுக்கினாலும் சொல்ல வேண்டும். சொன்னவளுக்கு ஒரு பிடி சாத்தூர்ச் சேவு. தினம் பஸ்ஸில் வரும்போது பொட்டலம் வாங்கி வருவார். அந்தக் காரச்சேவின் வாசம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதவே வேண்டாம்.

ஒரே வாரத்தில் கம்பெனியில் நடக்கத் தெரிந்த ஆளே இல்லை என்றாகிவிட்டது. காலையில் வேனை விட்டு இறங்கும்போதே இரண்டு பேர் தடுக்குவார்கள். குழாயடியில் நாலு வட்டம், கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று வட்டம். வேன் ஓட்டுகிறவர் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள மார்கழி மாசம் நடக்குதா?" என்று கேட்டார். மதினி கஞ்சிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று கணக்காகத் தடுக்குவாள். ஒரு நாள் இடமெல்லாம் தீர்ந்துபோய், "அண்ணாச்சி, அந்த வேப்பமர நெழலு தடுக்கிருச்சு" என்றாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. "நெழலா? எங்கன?" என்று கேட்டு, அவள் காட்டின இடத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவினார். சருகுக்கு அடியில் வேர் ஒன்று விரல் கனத்துக்குக் கிளம்பியிருந்தது. "நெழலுக்குக் கீழ வேரு இருக்கு பாத்தியா தாயி. நல்ல வேளை சொன்னே" என்று அவளுக்கு இரண்டு பிடி கொடுத்தார். நிழலைச் சுற்றியும் வட்டம் போட்டார். மத்தியானம் நிழல் நகர்ந்து போய்விட்டது. வட்டம் மட்டும் வெயிலில் கிடந்தது. மதினி அந்தச் சேவை ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு இத்தனை பாடு என்று ஒருத்தி ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவர் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். "நெருப்புன்னு சத்தம் வந்தா ஓடுறதுக்குத்தான நாலு பக்கமும் கதவு வச்சிருக்காக. ஓடுறப்பக் காலு தடுக்குச்சுன்னா கதவு எதுக்கு?" எல்லாரும் அவரவர் ரூம் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு சேவு கைமாறியது.

நான் மட்டும் ஒரு தடவைகூடப் போய்ச் சொன்னதில்லை. சேவு ஆசை இல்லாமல் இல்லை. அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறக்க வேண்டுமே. மதினி தன் பங்கில் பாதி தருவாள். "ஏ பிள்ள, ஒனக்கும் சேத்து நாந்தான் விளணுமாக்கும்" என்பாள்.

இப்போது அந்தப் படியைச் சொல்ல வேண்டும். கொட்டகையின் உள்தரை பெயர்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அண்ணாச்சி அதற்கு வட்டம் போட்டு, முதலாளியிடம் சொல்லிப் புதுத் தரை போடவைத்தார். கண்ணாடி மாதிரி தரை. எல்லாரும் பெருமையாகப் பேசினோம். தரை போட்ட மறுவாரம், ஒரு சாயங்காலம், நான் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவதில் பெருவிரல் போய் மோதியது. நகம் பாதி பெயர்ந்துவிட்டது. முழங்கால் படியில் இடித்தது. ஆனால் தட்டை விடவில்லை. காய்ந்த சரக்கு; அது சிமெண்டில் விழுந்து உரசினால் என்னவாகும் என்று கைக்குத் தெரியும். எழுந்து உள்ளே வைத்துவிட்டு, கொட்டகை மூலையில் சேலைக் கிழிசலை விரலில் சுற்றிக்கொண்டேன். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ஒரே சிரிப்பு. மதினி அன்றைக்கு எதில் தடுக்கினாளோ தெரியவில்லை. இப்போது நான் போய் நிஜமாகவே தடுக்கினேன் என்று சொன்னால், "ஒனக்குமா சேவு ஆசை வந்துருச்சு?" என்று எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். புதுத் தரையைக் குறை சொல்ல நான் யார் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மூன்றாவது படிக்கு மட்டும் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டேன். கால் படித்துக்கொண்டது. அதோடு மறந்தும் போனேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். லோடு லோடாக ஆர்டர் நின்றது. களம் கொள்ளாமல் சக்கரம் காய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே ஒரு மேகம், அவ்வளவுதான், மழை தரையைத் தொட்டுவிட்டது. எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அண்ணாச்சியும் பின்னால் கட்டின கையை அவிழ்த்து, எங்களோடு சேர்ந்து தட்டுகளை அணைத்துத் தூக்கினார். அவர் தட்டு தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கொட்டகைக்குள் நின்று பார்க்கிறேன். ஒன்று, இரண்டு ஏறினார். மூன்றாவதில் அப்படியே முன்னால் சாய்ந்தார். தட்டுகள் பறந்தன. சக்கரமெல்லாம் தீ வைக்காமலே படியில் உருண்டு களம் முழுக்க ஓடியது. மழையில் நனைந்ததால் வேறு ஒன்றும் ஆகவில்லை. விழுந்து கிடந்தபடியே அவர் கேட்டது, "யாரு மேலயும் விளலையே?" என்றுதான். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கம்பெனி ஜீப்பில் சிவகாசிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

முதலாளி மறுநாள் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "தரையையே பாத்து நடக்குறவரு வெறும் படியில விளுறாருன்னா கண்ணு போயிருச்சுன்னுதான அர்த்தம்? கண்ணு தெரியாதவரை மருந்துப் பக்கம் விடக் கூடாது. கை சரியானாலும் வீட்டுல இருக்கட்டும்." போர்மேன் வேலையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளை முதல் வேலையாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வட்டங்களைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். "கம்பெனியா இது, கோலப் போட்டியா?" அன்றைக்குச் சாயங்காலம் ஒருத்தி சாக்குத் தடுக்கி விழுந்தாள். "கண்ணைத் தொறந்து நட" என்று கணக்குப்பிள்ளை கத்தினார். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து காலில் முள் எடுத்தாள். அதைப் பார்த்ததும் நான் குனிந்து என் பெருவிரலைப் பார்த்தேன். மூன்றாவது படியைப் பற்றி எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே ஒரு வட்டம் இருந்திருக்கும். அண்ணாச்சி விழுந்தது நான் வாயைத் திறக்காததால்.

ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கூட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போனேன். வாழைப்பழம் வாங்கிக்கொண்டோம். அண்ணாச்சி நாற்காலியில், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க தாயி, வாங்க. ஒக்காருங்க" என்றார். குரலில் சத்தே இல்லை. அவர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்து, "ரெண்டு நாளா இப்படித்தான் இருக்காக. கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னு பொலம்புறாக" என்றார்கள். அவரும் அதையே சொன்னார். "நான் அம்புட்டுப் பேருக்கும் தரையைப் பாத்தேன். எனக்கு ஒரு படி தெரியலையே. மொதலாளி சொன்னது சரிதான்."

மதினிகூட ஒன்றும் பேசவில்லை. நான் காப்பியைக் கீழே வைத்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"எங்கன அண்ணாச்சி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மதினியும் திரும்பிப் பார்த்தாள். வருஷக்கணக்கில் அவரிடம் நான் பேசின முதல் பேச்சு அது.

"என்ன தங்கச்சி?"

"தடுக்குனது எங்கன?"

"கொட்டகைப் படியில." அவர் மெதுவாகச் சொன்னார். "மூணாவது படி."

நான் சேலையை இழுத்துக் காலை நீட்டினேன். பெருவிரலில் புது நகம் பாதி வளர்ந்திருந்தது. "நானும் அங்கனதான்" என்றேன். "தரை போட்ட மறுவாரமே. வந்து சொல்லாம விட்டுட்டேன். நெனச்சா மனசு ஆறல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து என் விரலைப் பார்த்தார். ஏதோ பழைய சிநேகிதனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் மடியைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடடா! தரை ஒசந்துச்சுல்ல, கொத்தனாரு மேல்படியையும் சேத்துப் பூசிட்டான். கையை வீசி நடந்தா அது கண்ணுல படும், காலு தானா எட்டி வைக்கும். தட்டைத் தூக்குனாத்தான் தடுக்கும். நான் என்னிக்குத் தட்டு தூக்குனேன்? நான் போட்ட வட்டம், நானே பூசச் சொன்ன தரை, நானே விளுந்திருக்கேன்!" சிரித்ததில் கை வலித்து, வலித்ததில் இன்னும் சிரித்தார். வீட்டம்மா உள்ளேயிருந்து பயந்து ஓடி வந்தார்கள். "ஏ, அந்தச் சேவை எடுத்தா. இது நெசமாத் தடுக்குன கேசு" என்றார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் ஒரு பிடி அள்ளி, "தப்பா நெனக்காத தங்கச்சி, நல்ல கை விடுப்புல இருக்கு" என்று நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மதினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, நாங்க பொய்யாத் தடுக்குனது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா. நெழலு யாருக்காச்சும் தடுக்குமா? பொய் சொல்ல வர்றவளும் ஒரு எடத்தைக் காட்டித்தான ஆகணும். போய்ப் பாத்தா நாலுல ஒண்ணுல என்னமும் இருக்கும். எனக்கு அது போதும்." பிறகு என்னைப் பார்த்தார். "மொதலாளிகிட்ட இதை நான் சொன்னா, வேலைக்காகச் சாக்கு சொல்றேம்பாரு. நீதான் சொல்லணும்."

திங்கட்கிழமை காலையில் முதலாளி கார் உள்ளே வந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. மதினி என் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். "நீங்க சொல்லுங்க மதினி" என்று கெஞ்சினேன். "என் நகமா பேந்துச்சு? ஒன் நகம், நீ சொல்லு" என்றுவிட்டாள். அவர் முன்னால் போய் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "மொதலாளி, அண்ணாச்சிக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. படிதான் சரியில்ல" என்றேன். எனக்கே கேட்காத சத்தத்தில்தான் சொல்லியிருப்பேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் படிக்கு வந்தார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "நல்லாத்தான இருக்கு?" கணக்குப்பிள்ளை, "ஆமா மொதலாளி, ஜம்முன்னு இருக்கு" என்றார். நான் விடவில்லை. எனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "தட்டைத் தூக்கிட்டு ஏறிப் பாருங்க" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பொறந்ததே பட்டாசுக்குள்ள. எனக்குத் தட்டு தூக்கத் தெரியாதா? கொண்டாங்க." மதினி காலித் தட்டுகளை அடுக்கி, அதன் மேல் காலி அட்டைப் பெட்டிகளை அவர் தாடை வரைக்கும் வைத்தாள். "இன்னொண்ணு வைக்கவா மொதலாளி?" "வையி, வையி." எல்லா ரூமிலிருந்தும் பெண்கள் வந்து களத்தில் நின்றார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெறுங்கால், மூக்குக்குக் கீழே பெட்டி. ஒன்று ஏறினார். இரண்டு ஏறினார். மூன்றாவதில் பெருவிரல் மோதின சத்தம் எங்களுக்கே கேட்டது. பெட்டிகள் நாலாபக்கமும் பறந்தன. நானும் மதினியும் இரண்டு பக்கமும் தயாராக நின்றதால் அவரைப் பிடித்துவிட்டோம். மேல்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. அவர் கத்தினால் அவ்வளவுதான், அண்ணாச்சி வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு.

மதினி குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள், "எங்கன மொதலாளி?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. கடைசியில் முதலாளியே சிரித்தார். விரலை வைத்து அளந்து பார்த்தார். மற்ற இரண்டு படியைவிட இரண்டு விரற்கடை உயரம். "இம்புட்டு நாளா வேற யாருமே இங்கன தடுக்கலையா?" என்று கேட்டார். ஒருத்தி மெதுவாகக் காலை முன்னால் நீட்டினாள். கறுத்துப்போன நகம். அடுத்தவள் நீட்டினாள். ஏழெட்டுக் கால் வரிசையாக வந்தது. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பொய்யாகத் தடுக்கினதையெல்லாம் ஊர் கேட்கச் சொன்னவர்கள் நாங்கள். நிஜமாகத் தடுக்கினதை ஒவ்வொருத்தியும் முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறோம். கடைசியாக ஒரு கால் வந்தது. பார்த்தால் மதினி! "ஒங்களுக்குமா? ஏன் மதினி சொல்லல?" என்றேன். "நெசமா விளுந்தா வெக்கமா இருக்காதா பிள்ள?" என்றாள்.

கொத்தனார் அன்றைக்கே வந்தார். மாவுக்கட்டுப் பிரித்ததும் அண்ணாச்சியும் வந்தார். வந்த அன்றைக்கு முதலாளியிடம் நேராகப் போய் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "என்னதிது?" என்றார் முதலாளி. "சேவு. தடுக்குனதைச் சொன்னா ஒரு பிடி. இங்கன எல்லாருக்கும் ஒரே சட்டம்." முதலாளி நின்றபடியே பிரித்துத் தின்றார். கணக்குப்பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுத்தார். வட்டங்கள் திரும்பி வந்தன. அதற்கப்புறம் நானும் போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் சொல்வேன். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பார்.

சில வருஷம் கழித்து அவர் வேலையை விட்டு நின்றபோது இந்தச் சிரட்டையை என்னிடம் கொடுத்தார். மதினிக்குக் கொடுக்காமல் எனக்கு ஏன் என்று கேட்டேன். "அதுக்கு வாய் இருக்கு. ஒனக்கு இது வேணும்" என்றார். இப்போது அவர் இல்லை. எங்கேயும் விழுந்து போகவில்லை, தூங்கும்போது போனார். கேள்விப்பட்டதும் எனக்கு அழுகையோடு அது ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

போன வாரம் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் தடுக்கி விழுந்தேன். புதிதாக டைல்ஸ் ஒட்டின வாசல். பழைய பழக்கம் விடவில்லை, உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்து காலில் முள் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். டைல்ஸ் தரையில் ஏது முள்? மகன் பார்த்துவிட்டு, "அம்மா, ஒங்களுக்குக் கண்ணாடியை மாத்தணும்" என்றான். நான் அலமாரியிலிருந்து சிரட்டையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த சுண்ணாம்பு கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுக் குழைந்தது. வாசல் ஓரத்தில், கிளம்பி நிற்கிற அந்த டைல்ஸ் முனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கை நடுக்கத்தில் வட்டம் பூசணிக்காய் மாதிரி வந்தது. மருமகள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அத்தை, முந்தாநாள் நானும் அங்கனதான்" என்று காலை நீட்டினாள். சேவு டப்பாவைத் திறந்தேன். இப்போது சிரட்டை கீழ்த்தட்டில் இல்லை. மருமகளே கழுவி மேல்தட்டில் வைத்திருக்கிறாள்.

இதில் தப்பு இருக்கலாம். உயரம் இரண்டு விரற்கடையா மூன்றா, கால் நீட்டினவர்கள் ஏழு பேரா எட்டா என்று யாராவது விசாரித்துத் திருத்திக்கொடுத்தால் நல்லது. மதினி எம். புதுப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவள் மூன்று விரற்கடை என்று சொன்னால் மூன்று என்றே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதலாளியிடம் முதலில் பேசினது தான்தான் என்று சொல்வாள், அதை மட்டும் நம்ப வேண்டாம். போகும்போது ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு போங்கள். அவள் வீட்டு வாசற்படி ஒன்று தூக்கலாக இருக்கும். தடுக்கினால் வெட்கப்படாமல் அவளிடம் சொல்லிவிடுங்கள்.